கோடா, பட்டனா

ஸ்ரீரங்கம்
6.3.2025

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாப்பிள்ளை ஜெபராஜுக்கு அமிர்தசாமி எழுதுவது.

என் உடம்பில் சர்க்கரை செழிப்பாக இருக்கிறது, மற்றவை சுமார். அங்கே நீங்களும் தங்கை லூர்துராணியும் பிள்ளைகளும் சுகம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன வாரம் காந்தி மார்க்கெட்டில், சுமை இறக்குகிறவர்கள் அத்தனை பேர் முன்னிலையில், "மச்சான், நீங்க வாயை மூடினாலே வண்டி மைலேஜ் கூடும்" என்று சொன்னீர்கள். சிரித்த சிரிப்பில் ஒருவர் வெங்காய மூட்டையைக் கீழே போட்டார். பின் சக்கரத்துக்கு எந்த டயர் வாங்க வேண்டும் என்பதைத்தான் நான் அப்போது விளக்கிக்கொண்டிருந்தேன். வையம்பட்டியில் ஆரம்பித்தேன் என்பது உண்மை. ஆனால் முடித்திருக்கவில்லை.

நேற்று விபூதிப் புதன். தவக்காலத்தில் சிலர் கறி விடுவார்கள், சிலர் காபி விடுவார்கள். நான் ஈஸ்டர் வரை உங்களோடு பேசுவதை விடுவதாக நேர்ந்துகொண்டேன். பங்குத்தந்தை, ஒறுத்தல் என்றால் அதில் ஏதாவது கஷ்டம் இருக்க வேண்டுமே என்றார். ஜெபராஜ் தப்பாக ஒன்று சொல்லும்போது திருத்தாமல் இருப்பது எப்பேர்ப்பட்ட கஷ்டம் என்று எடுத்துச் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஒப்புக்கொண்டார். எழுதுவது பேச்சில் சேராது என்றும் சொன்னார். வாட்ஸ்அப் மட்டும் கூடாதாம். அது பேச்சுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறதாம். ஆகவே தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். லாரி என் பேரில் இருக்கிறது, ஓட்டுவது நீங்கள், பங்கு சரிபாதி. காற்றைத் தவிர வேறு எதையும் ஒருவராக முடிவு செய்து வண்டியில் ஏற்றக் கூடாது என்பது நம் ஒப்பந்தம். ஏப்ரல் 22 அன்று வண்டியை எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். பின் டயர் நாலும் மொட்டை. அப்படியே கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டி நின்றால் உங்கள் வீட்டு அடுப்பும் நிற்கும். என்ஜின் சுழற்றுவது பின் சக்கரங்களைத்தான். முன் சக்கரங்கள், பல குடும்பத் தலைவர்களைப் போல, திசையை மட்டும் காட்டிக்கொண்டிருக்கின்றன. எனவே பின்னால் போடுவதில் தவறக் கூடாது.

என் முடிவு: கோடு டயர். நீளவாக்கில் வரி ஓடுவதால் தார் ரோட்டில் இழுபறி இல்லாமல் உருளும், டீசல் குறையும். கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் மரக்கட்டையைச் சாய்தளத்தில் நழுவவிட்டு உராய்வை அளந்தவன் சொல்கிறேன். சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆளுக்கு இரண்டாக வாங்கிவிடலாம்.

எழுத்தில் மட்டும் அன்புடன்,
அமிர்தசாமி

*

வையம்பட்டி
13.3.2025

அன்புள்ள மச்சானுக்கு ஜெபராஜ்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நம் வீட்டுக்கு இந்த அளவில் கவர் வந்து பழக்கமில்லாததால் போஸ்ட்மேன் அதைக் கோர்ட் சம்மன் போல மெதுவாக நீட்டினார். எல்லாரும் சுகம். எனக்கு இடுப்பு வலி மட்டும் அப்படியே இருக்கிறது, மாற்றமில்லை.

கோடு டயர் வேண்டாம். பட்டன் டயர்தான் வேண்டும். கட்டை கட்டையாக, ஆழமாக வெட்டு இருக்குமே, அது. நம் வண்டி முக்கால்வாசி நேரம் தார் ரோட்டில்தான் ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் லோடு ஏறுவது மீதிக் கால்வாசியில். சோளக்காட்டுக்குள்ளும் தென்னந்தோப்புக்குள்ளும் யாரும் தார் போட்டு வைக்கவில்லை. அங்கே மண்ணைக் கவ்விப் பிடிக்க வேண்டும். உங்கள் மரக்கட்டை சோளக்காட்டுக்குள் போனதில்லை.

இன்னொன்று. நீங்கள் வண்டியில் வராத இந்த நாட்களில் லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் கூடியிருக்கிறது. இரண்டு முறை டேங்க் நிரப்பிப் பார்த்துவிட்டேன். தவக்காலத்தில் உண்மையை மறைக்க மனசு வரவில்லை.

கேபின் அமைதியாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஜெபராஜ்

*

ஸ்ரீரங்கம்
18.3.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இடுப்புக்கு எண்ணெய் தடவுங்கள். எந்த எண்ணெய் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அது பேச்சைப் போல இருந்தது.

கால் கிலோமீட்டர் விஷயம். கூடியது என் பேச்சு குறைந்ததால் அல்ல, என் எடை குறைந்ததால். நான் எண்பத்து நாலு கிலோ. பத்து டன் ஏற்றிய வண்டிக்கு எண்பத்து நாலு கிலோ ஒரு பொருட்டா என்று நீங்கள் கேட்பீர்கள். பொருட்டில்லைதான். ஆனால் பேச்சுக்கு எடையே கிடையாது என்பதையும் கவனியுங்கள். இரண்டில் எது காரணமாக இருக்க முடியும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பட்டன் டயர் தார் ரோட்டில் 'உம்' என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டே வரும். சத்தம் பிடிக்காத ஒருவர் அந்த டயரைக் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. மண்ணில் வண்டி மாட்டிக்கொண்டால் அது ஓட்டுகிறவர் கோளாறே தவிர டயர் கோளாறு அல்ல. கோடு டயருக்குச் சம்மதத்தை உடனே எழுதவும். எஃப்.சி. தேதி நமக்காகத் தவக்காலம் அனுசரிக்காது.

தங்கை ஞாயிறு பூசைக்குப் போகிறாளா? மூட்டு வலி எப்படி?

அமிர்தசாமி

*

வையம்பட்டி
28.3.2025

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் தாமதம். லூர்துராணியின் மூட்டு பரவாயில்லை, பூசைக்குப் போகிறாள். பூசை முடிந்து திரும்ப வருவதற்குத்தான் நேரமாகிறது. அது மூட்டினால் அல்ல, தெருவில் நின்று பேசுவதால். உங்கள் குடும்பத்து வழக்கம்.

வண்டி மூன்று நாள் ஒரு சோளக்காட்டில் தங்கியிருந்தது. மழை பெய்திருந்தது. ஓட்டுகிறவர் கோளாறு என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிவிட்டதால் அதைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை. டிராக்டர் வைத்து இழுத்தோம். இந்த டயரோடு இனி லோடு ஏற்ற மாட்டேன். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டேன்.

அதற்கு முந்தின வாரம் மார்க்கெட்டுக்கு வரும்போது பைபாஸில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நேராகப் போய்விட்டேன். சமயபுரம் பூச்சொரிதல் கூட்டத்தில் வண்டி நின்றபோதுதான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது. திரும்பி வர மூன்று மணி நேரம். வெண்டைக்காய் வாடிவிட்டது. லூர்துராணி காரணம் கேட்டாள். ரேடியோவில் கவனமாக இருந்துவிட்டேன் என்று சொன்னேன்.

வேறு விசேஷமில்லை.

ஜெபராஜ்

*

ஸ்ரீரங்கம்
2.4.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூன்று நாள் காட்டில் நின்றதை இரண்டு வரியில் எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரியை நான் பலமுறை படித்தேன். எனக்கு எழுதத் தெரியும். சுருக்கி எழுதத் தெரியாது. நீங்கள் எழுதாமல் விட்டது எனக்குக் கேட்டது.

ஒறுத்தல் என்பது வாயை மூடுவது மட்டுமல்ல, விட்டுக்கொடுப்பதும்தான் என்று ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார்கள். என்னைப் பார்த்துச் சொன்னதாக நான் நினைக்கவில்லை, இருந்தாலும் கேட்டேன். மறுநாளே பைபாஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போய், என் பங்குக்கு இரண்டு பட்டன் டயர் வாங்கிவிட்டேன். ஆழமான வெட்டு. விரல் உள்ளே போகிறது. நீங்களும் உங்கள் பங்குக்கு இரண்டு பட்டன் டயர் வாங்கிவிடுங்கள். சம்மதம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நீங்கள் கேட்டதைத்தானே வாங்கியிருக்கிறேன்.

டயர் இரண்டும் என் வீட்டு வாசலில் சாத்தியிருக்கின்றன. எதிர் வீட்டு ரெங்கம்மாள் காலையில் கோலம் போட வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாசல்ல பெருமாளாட்டம் என்னத்தை ஏளப்பண்ணி வெச்சிருக்கேள்?" என்று கேட்டார். மைத்துனருக்கு விட்டுக்கொடுத்தது என்று சொன்னேன். டயரைத் தள்ளிப் பார்த்து, "ரொம்பக் கனமா இருக்கே" என்றார்.

தோற்றவன் என்று என்னை நினைக்க வேண்டாம்.

அமிர்தசாமி

*

வையம்பட்டி
2.4.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் கேட்டபடியே ஆகட்டும். கோடு டயர்.

லூர்துராணிதான் சொன்னாள். "எங்க அண்ணன் பேசாம இருந்தா அதுக்குச் சோறு எறங்காது. சாப்பிடாம சர்க்கரை மாத்திரை போட்டு எங்கயாச்சும் விழுந்து வைக்கப்போவுது. ஒரு டயர்ல என்னங்க இருக்கு, விட்டுக்குடுங்க" என்றாள். டயரில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் பேசுவதைப் போலவே பேசுகிறேன் என்றாள். உடனே நிறுத்திவிட்டேன்.

நேற்று திருச்சி போய் என் பங்குக்கு இரண்டு கோடு டயர் வாங்கி, தெரிந்தவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்களும் இரண்டு வாங்கி அனுப்பினால் மாட்டிவிடலாம்.

மாத்திரை ஒழுங்காகப் போடவும். சாப்பிட்டுவிட்டுப் போடவும்.

ஜெபராஜ்

*

ஸ்ரீரங்கம்
7.4.2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் மணப்பாறைப் பக்கம் எங்கோ எதிரெதிராகக் கடந்திருக்கின்றன. அவையும் நின்று பேசிக்கொள்ளவில்லை.

ஆகவே இப்போது நம்மிடம் இரண்டு கோடு, இரண்டு பட்டன். பக்கத்துக்கு ஒரு தினுசாக மாட்டினால் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் உருண்டுகொண்டு போகும். நம் குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, வண்டி ஓடாது. கலந்து மாட்டினாலும் ஒன்றின் பாரத்தை இன்னொன்று சுமந்து சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எனவே உங்கள் கோடு டயரை மாற்றிவிடுங்கள். இந்த ஒரு வாரமாகப் பட்டன் டயரை வாசலில் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் அறிவு இருக்கிறது. நாலு சொட்டு மழை பெய்தால் எந்த ரோடு எந்த இடத்தில் காடாகும் என்று யாரால் சொல்ல முடியும்? மண்ணைக் கவ்வ வேண்டாமா? இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை.

அமிர்தசாமி

*

வையம்பட்டி
10.4.2025

மச்சானுக்கு,

யாரும் யோசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் யோசித்து மார்ச் 13 அன்று எழுதினேன். ஆனால் அது என் பழைய அபிப்பிராயம். இப்போது என்னிடம் இருப்பது கோடு டயர். வாங்கினவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கோடு டயரில் டீசல் குறையும் என்று ஒருவர் எனக்கு விளக்கியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவர். அவர் பேச்சை என்னால் தட்ட முடியவில்லை. பட்டன் டயர் ரோட்டில் 'உம்' என்று சத்தம் போடும் என்றும் அவர்தான் சொன்னார். எனக்குச் சத்தம் ஆகாது.

தவிர, என் டயரை உடனே மாற்றவும் முடியாது. இரண்டில் ஒன்றைக் கீழே படுக்க வைத்திருந்தேன், அதற்குள் கோழி அடை உட்கார்ந்துவிட்டது. குஞ்சு பொரிக்கும்போது எஃப்.சி. தேதி தாண்டியிருக்கும்.

உங்கள் டயரை மாற்றுங்கள்.

ஜெபராஜ்

*

வையம்பட்டி
12.4.2025

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை லூர்துராணி எழுதிக்கொண்டது. நாங்கள் நலமில்லை. நீங்களும் நலமாக இருக்க மாட்டீர்கள்.

பேசாமல் இருப்பது நீங்கள் இரண்டு பேர். நடுவில் வண்டி மொட்டை டயரோடு வாசலில் நிற்கிறது. லோடுக்கு ஆள் வந்து, அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். உங்களுக்கு எழுத நேரமிருக்கிறது; எனக்குச் சமைக்க அரிசி வேண்டும்.

இரண்டு பேரும் ஒரே கடையில்தான் டயர் வாங்கியிருக்கிறீர்கள். பைபாஸ் ரோட்டில் ஷஹனாஸ் என்று ஒரு பெண் நடத்துகிற கடை. அவளுக்குப் போன் போட்டேன். ஒரே வண்டிக்கென்று அவளுக்குத் தெரியாதாம். பயன்படுத்தாத டயர்தானே, மாற்றித் தருகிறேன், ஆனால் யார் பேரில் பில் இருக்கிறதோ அவர்களே வர வேண்டும் என்கிறாள். பெரிய வியாழன் காலையில் அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார். நீங்களும் உங்கள் டயரோடு வாருங்கள். பேச வேண்டாம். நின்றால் போதும்.

கோழியை நானே இறக்கிவிட்டேன். முட்டையைக் கூடையில் வைத்தேன். ஒரு மணி நேரம் முறைத்தது, பிறகு போய்க் கூடையில் உட்கார்ந்துகொண்டது. உங்கள் இரண்டு பேரையும்விட அது பரவாயில்லை.

இன்னொன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சமயபுரம் போனது ரேடியோவால் இல்லை. வண்டியில் ரேடியோ பொங்கலிலிருந்து பாடவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

லூர்து

*

ஸ்ரீரங்கம்
பெரிய வெள்ளி, 18.4.2025

அன்புள்ள தங்கை லூர்துராணிக்கு,

இன்று ஒருசந்தி நோன்பு, ஆனால் மாத்திரைக்காக இரண்டு இட்லி சாப்பிட்டேன். நேற்று நடந்ததை அவர் சொல்லியிருப்பார். அவர் சுருக்கிச் சொல்வார் என்பதால் நான் எழுதுகிறேன்.

நான் ஆட்டோவில் டயரோடு போய் இறங்கினபோது அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கடை வாசலில் நின்றிருந்தார். இளைத்திருக்கிறார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஷஹனாஸ் நல்ல மாதிரி. முப்பத்தைந்து வயசு இருக்கும். டயரைத் தட்டிப் பார்த்தே வயசு சொல்கிறாள்.

நான் ஆரம்பித்தேன். "அம்மா, அவர்கிட்ட சொல்லுங்க, பட்டன் டயர்தான் நல்லது."

"அவர் உங்க பக்கத்துலதான் சார் நிக்கிறார்."

"தெரியும்மா. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார்கிட்ட சொல்லுங்கம்மா. கோடுதான் நல்லதுன்னு அவரே கைப்பட எழுதியிருக்கார்."

"பட்டன் வேணும்னு அவரும் கைப்பட எழுதியிருக்கார்னு சொல்லுங்க."

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ஒருத்தர் ஆசைப்பட்டதை இன்னொருத்தர் வாங்கிட்டீங்க. வாங்கினதும் ஆசை மாறிப்போச்சு. சரிதானுங்களா?" என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தோம்.

அவள் உள்ளே போய் வேறொரு டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் கோடு, இரண்டு ஓரத்திலும் பட்டன். தார் ரோட்டிலும் ஓடுமாம், காட்டிலும் பிடிக்குமாம். அதைப் பார்த்ததும், சொல்லி வைத்தது போல, இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம்: "இது ரெண்டுங்கெட்டான்மா."

"ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து வந்துருச்சு. அப்ப இதையே போட்டுரலாம்" என்று சொல்லி, எங்கள் நாலையும் உள்ளே தள்ளி அடுக்கச் சொல்லிவிட்டாள். மறுத்துப் பேச வேண்டுமானால் நாங்கள் இரண்டு பேரும் கலந்து பேச வேண்டும். அதற்கு வழியில்லை.

கடைத் தரை ரோட்டைவிட உயரம். அங்கிருந்து வண்டி நிற்கும் இடத்துக்கு ஒரு சிமென்ட் சரிவு இறங்குகிறது. காற்றடித்துத் தயாரான ஒரு டயரைச் சரிவின் மேல் தூணில் சாத்தி வைத்திருந்தார்கள். உன் வீட்டுக்காரர் கீழே, இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, கழற்றின நட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டயர் தூணை விட்டு நகர்ந்தது.

லூர்து, என் ஆயுளில் பாதியைச் சாய்தளத்தில் பொருள்கள் இறங்குவதைப் பார்த்தே கழித்திருக்கிறேன். மரக்கட்டை நழுவும், நிற்கும். சக்கரம் நிற்காது. ரிம்மோடு சேர்த்து என்னைவிடக் கனம். நான் நேர்ச்சையை மறக்கவில்லை. "அம்மா, அவர்கிட்ட சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன். ஷஹனாஸ் பில் எழுதிக்கொண்டே, "என்ன சொல்லணும் சார்?" என்றாள். டயர் பாதிச் சரிவில் இருந்தது. இந்த வழியில் சேதி போய்ச் சேரும்போது கேட்க ஆள் இருக்காது என்று தெரிந்தது.

"மாப்ளே, தள்ளுங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. குரல் வந்த நொடியில் பக்கவாட்டில் உருண்டுவிட்டார். டயர் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டி, லாரி சக்கரத்தில் மோதி, கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி ஆடிப் படுத்தது. நட்டு வைத்திருந்த தட்டு நசுங்கிவிட்டது.

அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். "மச்சான், ஈஸ்டருக்கு இன்னும் மூணு நாள் இருக்கே" என்றார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கடைக்குள்ளிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். டீ வாங்கி வந்தார். சர்க்கரை இல்லாமல். டயர் மாட்டி முடிக்கும்வரை அதற்கு மேல் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. ஆனால் அது வேறு மாதிரியான பேசாமை.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நேர்ச்சையை முறித்துவிட்டதைச் சொன்னேன். பங்குச் சாமியார் சிரித்தாரா இருமினாரா என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை. "முதல் ஒறுத்தலை நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள். இதை நான் தருகிறேன். எஃப்.சி. முடிந்ததும் அதே வண்டியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வையம்பட்டி வரை அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போங்கள். நீங்கள் பேசக் கூடாது" என்றார்.

ஒரு பாவத்துக்கு இது அதிகம்.

உன் அண்ணன்,
அமிர்தசாமி

*

வையம்பட்டி
5.5.2025

அன்புள்ள மச்சானுக்கு ஜெபராஜ்.

சுகம். இடுப்பும் தேவலை. கோழி எட்டுக் குஞ்சு பொரித்திருக்கிறது. போனிலேயே சொல்லலாம் என்று லூர்துராணி சொல்கிறாள். எனக்கு எழுதிப் பழகிவிட்டது.

எஃப்.சி. முடிந்த கையோடு நாம் வண்டியில் வந்ததைப் பற்றி எழுத வேண்டும். நீங்கள் இனாம்குளத்தூர் வரை வாயைத் திறக்கவில்லை. சாமியார் சொன்னதற்காக நானும் ஏதாவது பேச வேண்டுமே என்று பார்த்தேன். எனக்குப் பேச வரவில்லை. இரண்டு பேரும் சும்மா வந்தோம். அப்புறம் முன்னால் போன தண்ணீர் லாரியில் ஒரு பக்கம் கோடும் ஒரு பக்கம் பட்டனும் மாட்டியிருந்ததைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு வீட்டு வாசலில் நான் என்ஜினை நிறுத்தும்வரை நீங்கள் நிறுத்தவில்லை. மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்தீர்களா என்று தெரியவில்லை.

டயர் நன்றாக இருக்கிறது. ரோட்டில் உருள்கிறது, காட்டில் பிடிக்கிறது. ரெண்டுங்கெட்டான் என்று சொன்னதை ஷஹனாஸிடம் இரண்டு பேர் சார்பிலும் வாபஸ் வாங்கிவிட்டேன்.

அப்புறம், டேங்க் நிரப்பிப் பார்த்தேன். நீங்கள் கூட வந்த இந்த மூன்று ட்ரிப்பில் லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. மார்க்கெட்டில் நான் சொன்னது பொய்யில்லை.

வியாழக்கிழமை தேங்காய் லோடு, ஈரோடு வரை. விடிவதற்குள் கிளம்ப வேண்டும். புதன் சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிடுங்கள். டீசல் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைக்கிறேன்.

ஜெபராஜ்